உடல் உழைப்பு வேலையில் இருப்பவர்கள் தினசரிக் கலோரி இலக்கைக் கணக்கிடுவது எப்படி?

கலோரி கணக்கு வைக்கும் செயலியை முதல் தடவை திறந்ததும் உயரம், எடை, வயது கேட்கும். அடுத்து இந்தக் கேள்வி வரும்: "வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? ஜிம்முக்குப் போனதில்லை, காலை நடைக்கு நேரமில்லை. அதனால் "உடற்பயிற்சி இல்லை" என்ற முதல் பெட்டியைத் தட்டுவார். செயலி அவரை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக எடுத்துக்கொண்டு, எடை குறைய ஒரு நாளைக்கு 1400 கலோரி சாப்பிடச் சொல்லும். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். அப்புறம் ஒரு நாள் மதியம் கை நடுங்கும், ராத்திரி பரோட்டாக் கடையில் எல்லாக் கட்டுப்பாடும் உடையும். "எனக்கு மனசுறுதி இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்வார். அவர் மனசுறுதியில் ஒரு குறையும் இல்லை. அவருக்குக் கொடுத்த எண் தப்பு.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருபவருக்குக் கால் கடுக்கும், குதிகால் எரியும். "இவ்வளவு உழைக்கிறேனே" என்று கடைசிப் பெட்டியான "மிகக் கடின உழைப்பு" என்பதைத் தட்டினால், உடல் செலவழிப்பதைவிட முன்னூறு நானூறு கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லும். மாதக்கணக்கில் கணக்கு வைத்தும் எடை அசையாது.

வேலையின் பெயரை வைத்து ஊகிக்காமல், உங்கள் 24 மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த இரண்டு தப்பையும் தவிர்க்கலாம். ஒரு பேனா, ஒரு காகிதம், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

முதல் வேலை: சும்மா படுத்திருந்தால் எவ்வளவு செலவாகும்?

இதயம் துடிக்க, மூச்சு விட, உடல் சூட்டைக் காக்க நமக்கு ஒரு செலவு உண்டு. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் அது ஆகும். அதை அடிப்படைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். இதைக் கணக்கிட 1990-இல் வெளியான மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் பெரும்பாலான செயலிகள் பயன்படுத்துகின்றன.

எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் கடைசியில் 5 கூட்டுங்கள். பெண் என்றால் 161 கழியுங்கள்.

மளிகை மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது 34, எடை 70 கிலோ, உயரம் 168 செ.மீ. 700 + 1050 − 170 + 5 = 1585 கலோரி. துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்: வயது 27, எடை 62 கிலோ, உயரம் 155 செ.மீ. அவருக்கு 620 + 969 − 135 − 161 = 1293 கலோரி. இந்த இருவரையும் கடைசி வரை கூட்டிக்கொண்டு போவோம்.

இரண்டாவது வேலை: 24 மணி நேரத்தைப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான், இதில் அவசரப்படாதீர்கள்.

நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும் அடிப்படைச் செலவைப் போல இத்தனை மடங்கு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். நமக்குத் தோராயமான மதிப்புகள் போதும். தூக்கம் 1 மடங்கு. உட்கார்ந்திருப்பது 1.4. அசையாமல் நிற்பது 1.5. நின்றுகொண்டு கைவேலை செய்வது, சமைப்பது, பைக் ஓட்டுவது 2. சாதாரண நடை 3. செங்கல் வைத்துக் கட்டுவது, துணி துவைப்பது, தரையை அழுத்தித் தேய்ப்பது 3 முதல் 4. மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது, பாரத்தோடு படியேறுவது 5 அல்லது அதற்கு மேல்.

நிற்பதும் உட்காருவதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு மணி நேரம் நின்றால் உட்கார்ந்திருப்பதைவிடச் சில கலோரிகள்தான் கூடுதலாகச் செலவாகும். ஆனால் மூட்டு, நரம்பு, குதிகால் எல்லாம் வாங்குகிற அடி பெரிது. நாள் முழுக்க நிற்பது உடலை வருத்தும், அதிகக் கலோரியை எரிக்காது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். "உட்கார்ந்தால் எடை கூடிவிடும்" என்று நினைத்து அந்த நாற்காலியை யாரும் விட்டுவிட வேண்டாம். உட்காருங்கள். கலோரிக் கணக்கில் பெரிய இழப்பு இல்லை.

இப்போது ஒரு சாதாரண வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். பண்டிகைக் கூட்டம், லாரி வராத நாள் இரண்டும் வேண்டாம். அன்று மணிக்கு ஒரு தடவை போனில் ஒரே வரி குறித்துக்கொள்ளுங்கள்: "9–10, இருபது நிமிஷம் மூட்டை, மீதி எடை போட்டது." இந்தக் குறிப்பு ஏன் அவசியம் என்றால், களைப்பு நம் நினைவை மாற்றிவிடும். மூட்டை தூக்கிய நேரம்தான் மனசில் நிற்கும். லாரிக்காகக் காத்திருந்தது, பில் போட்டது, டீ குடித்தது எதுவும் நிற்காது. ஒன்பது மணி நேர வேலையில் உண்மையாகப் பாரம் தூக்கியது இரண்டு மணி நேரமாகத்தான் இருக்கும். அப்படி இருந்தாலும் அது கடுமையான வேலைதான். கணக்கில் மட்டும் இரண்டு என்றே எழுத வேண்டும்.

நம் மளிகைக்கடைக்காரர் குறித்தது இது. தூக்கம் 8 மணி (8 × 1 = 8). மூட்டை ஏற்றி இறக்கியது 2 மணி (2 × 5 = 10). கடைக்கும் குடோனுக்கும் நடந்தது 3 மணி (3 × 3 = 9). நின்று எடை போட்டுப் பொட்டலம் கட்டியது 3 மணி (3 × 2 = 6). சாப்பாடு, டீ 1 மணி (1.4). பைக்கில் போய்வர 1 மணி (2). வீட்டில் குளியல், சின்னச் சின்ன வேலை 2 மணி (4). டிவி, போன் 4 மணி (5.6). மொத்தம் 24 மணி. பெருக்கிக் கூட்டினால் 46. அதை 24-ஆல் வகுத்தால் 1.92. இது அவருடைய வேலை நாளின் மடங்கு. 1585 × 1.92 என்றால் ஏறக்குறைய 3040 கலோரி.

லீவு நாளுக்கும் இதே மாதிரி தனியாகப் போடுங்கள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை: தூக்கம் 9, உட்கார்ந்தது 9, வீட்டு வேலை 4, மார்க்கெட், கோயில் என்று நடந்தது 2. கூட்டினால் 35.6, மடங்கு 1.48, ஏறக்குறைய 2350 கலோரி. ஆறு வேலை நாள், ஒரு லீவு சேர்த்து வாரச் சராசரி 2940.

துணிக்கடைப் பெண்ணுக்கு: தூக்கம் 7. அசையாமல் நின்றது 3, நின்றபடி சேலை எடுத்துப் பிரித்து மடித்து வைத்தது 4, மாடிக்கும் கவுண்டருக்கும் நடந்தது 2, மதியச் சாப்பாடு 1. பஸ்ஸில் 2. வீட்டில் சமையல், பாத்திரம் 3, ஓய்வு 2. கூட்டினால் 38.5, மடங்கு 1.6. அதாவது ஏறக்குறைய 2070 கலோரி. செயலியின் கடைசிப் பெட்டி (1.9 மடங்கு) இவருக்கு 2450-க்கு மேல் கொடுத்திருக்கும். முதல் பெட்டி (1.2 மடங்கு) 1550 என்று சொல்லியிருக்கும். உண்மை நடுவில் இருக்கிறது.

மூன்றாவது வேலை: சரிபார்த்து, கொஞ்சம் குறைத்து ஆரம்பியுங்கள்

நீங்கள் போட்ட கணக்கு ஊருக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை அது. ஜிம்மைப் பற்றி அது கேட்பதில்லை. வேலையை வைத்தே பிரிக்கிறது. 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2110 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2710, கடும் உழைப்புக்கு 3470. 55 கிலோ பெண்ணுக்கு 1660, 2130, 2720.

இதில் கொத்தனார், தச்சர் போன்றவர்களை நடுத்தரத்தில்தான் வைப்பது வழக்கம். கல் உடைப்பவர், சுரங்கத்தில் வேலை செய்பவர், மரம் வெட்டுபவர் ஆகியோர்தான் கடும் உழைப்பு. நிறையப் பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

மளிகைக்கடைக்காரருக்குப் பொருத்திப் பாருங்கள். நடுத்தர உழைப்புக்கு 65 கிலோவுக்கு 2710 என்றால் கிலோவுக்குச் சுமார் 42. அவர் 70 கிலோ, ஆக ஏறக்குறைய 2920. மணிவாரியாகப் போட்ட கணக்கில் வந்தது 2940. இரண்டும் கைகோக்கின்றன, நல்லது. உங்கள் எண் இதைவிட ஐந்நூறு அறுநூறு கூடுதலாக இருந்தால், மணிக்கணக்கில் எங்கோ பாரம் தூக்கியதைக் கூட்டி எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரும்பப் பாருங்கள்.

பொருந்தினாலும் அதில் 8 சதவீதம் அளவுக்குக் குறைத்து ஆரம்பிக்கச் சொல்வேன். இதற்கு இரண்டு காரணம். முதலாவது, மிஃப்ளின் சூத்திரம் நமக்குக் கொஞ்சம் தாராளமாகவே காட்டுகிறது. தேசிய நிறுவனத்தின் கணக்கில் 65 கிலோ ஆணின் அடிப்படைச் செலவு சுமார் 1500 தான். இரண்டாவது, உழைப்பு கூடக்கூட உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது. டான்சானியாவில் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களின் கலோரிச் செலவை அளந்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. நாள் முழுக்க நடந்து திரியும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலைநாட்டு நகரவாசிகளோடு பெரிதாக வேறுபடவில்லை. அதனால் மணிக்கணக்கில் வரும் எண்ணை மேல் வரம்பாக எடுத்துக்கொள்வது நல்லது.

2940-இல் 8 சதவீதம் போனால் சுமார் 2700. இது எடை கூடாமல் குறையாமல் இருப்பதற்கான அவரது ஆரம்ப எண். துணிக்கடைப் பெண்ணுக்கு 1900.

நான்காவது வேலை: எவ்வளவு குறைப்பது?

எடை குறைய வேண்டாம், இப்படியே இருந்தால் போதும் என்பவர்கள் மேலே வந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். குறைய வேண்டும் என்பவர்களுக்கு, ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது என்பது உதவும் கணக்கு. வாரம் அரைக் கிலோ குறைய நாளுக்கு 550 கலோரி பற்றாக்குறை வேண்டும்.

மேசை வேலைக்காரர் 500 குறைத்தால் சாயங்காலம் கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவுதான். சாரத்தில் ஏறி நிற்பவர், கட்டிங் மெஷின் பிடிப்பவர், இரவில் பைக் ஓட்டுபவர் அதே அளவு குறைத்து, அன்று தலை சுற்றினால் ஆபத்து. அதனால் உழைப்பு வேலையில் இருப்பவர்கள் 300 முதல் 400 வரை குறைத்தால் போதும். மெதுவாகத்தான் இறங்கும். இறங்கட்டும். இந்த விஷயத்தில் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

மளிகைக்கடைக்காரருக்கு 2700 − 400 = 2300 சராசரி. துணிக்கடைப் பெண்ணுக்கு 1900 − 300 = 1600. செயலி முதலில் கொடுத்த 1400-க்கும் இந்த 2300-க்கும் உள்ள 900 கலோரிதான் அவரது கை நடுக்கத்துக்குக் காரணம்.

வேலை நாளுக்கும் லீவு நாளுக்கும் தனித்தனி இலக்கு வேண்டுமா? கணக்குப்படி பார்த்தால் ஞாயிறன்று 700 குறைவாகச் சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் ஞாயிறுதான் கறிச்சோறு, மீன் குழம்பு, சில வீட்டில் பிரியாணி. குறைவாக எரியும் நாளில்தான் இலை நிறைகிறது. அன்றைக்குப் போய்ப் பாதிச் சாப்பாடு என்று விதி வைத்தால் ஒரு மாதம்கூட ஓடாது. வேலை நாளில் 2350, ஞாயிறு 2000 என்று வைத்தாலும் வாரச் சராசரி அதே 2300 தான் வரும். ஞாயிறு காலையில் லேசாகச் சாப்பிட்டு, மதியம் கறியைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தால் 2000-க்குள் முடியும்.

ஷிப்ட் மாறி மாறி வருபவர்கள், வாரம் நான்கு நாள் மட்டும் வேலை கிடைப்பவர்கள் கட்டாயம் இரண்டு எண்கள் வைத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாத நாள் அதிகமானால் சராசரி பெரிதாக இறங்கும்.

வேலையை இரண்டு தடவை எண்ணாதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. உங்கள் மடங்கில் வேலை ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் கையில் கட்டிய வாட்ச், "இன்று 15,000 அடி நடந்தீர்கள், 700 கலோரி சம்பாதித்தீர்கள்" என்று சொல்லும். செயலியும் அந்த 700-ஐ இலக்கில் கூட்டிவிடும். அதே நடைக்கு இரண்டு தடவை சம்பளம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

வாட்சையும் செயலியையும் இணைக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அல்லது செயலியில் "உட்கார்ந்த வேலை" என்று வைத்துவிட்டு, நடையை வாட்ச் கூட்டட்டும் என்று விடுங்கள். இரண்டில் ஒன்றுதான். நான் முதல் வழியைச் சொல்வேன், ஏனென்றால் கைக்கருவிகளின் கலோரிக் கணக்கை அவ்வளவு நம்ப முடியாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகக் காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தப்பியது; மோசமானது 93 சதவீதம். அதிலும் நம் வேலைகளில் கை சும்மா இருப்பதே இல்லை. பரோட்டா மாஸ்டர் நின்ற இடத்திலேயே மாவை வீசிக்கொண்டிருப்பார், வாட்ச் அதை நடை என்று எண்ணக்கூடும். இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் மணிக்கட்டு அசையாது, அவர் அடிகள் விடுபட்டுப் போகும்.

அடிகளை எண்ணுவது வேறு ஒரு விதத்தில் உதவும்: இந்த வாரம் போன வாரத்தைவிட வேலை அதிகமா குறைவா என்று தெரியும். 70 கிலோ எடையுள்ளவர் 10,000 அடி நடந்தால், சும்மா இருந்ததைவிடக் கூடுதலாக 250 முதல் 300 கலோரி செலவாகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து ஜிம்முக்கும் போகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தையும் 24 மணிக்குள்ளேயே எழுதுங்கள்; தனியாகக் கூட்டாதீர்கள்.

வியர்வையைக் கலோரியாக எண்ண வேண்டாம். சித்திரை வெயிலில் கான்கிரீட் போட்டுவிட்டு வந்து மெஷினில் ஏறினால் ஒன்றரை கிலோ குறைந்திருக்கும். அது தண்ணீர். நீர்மோர், உப்புப் போட்ட கஞ்சி, தண்ணீர் என்று திரும்ப உள்ளே போகத்தான் வேண்டும். எடை குறையட்டும் என்று தண்ணீரைக் குறைப்பது உயிருக்கே ஆபத்து.

ஐந்தாவது வேலை: சாப்பாட்டை அளப்பது

செலவை இவ்வளவு கவனமாகப் போட்டுவிட்டு வரவைக் கண்ணால் மதிப்பிட்டால் பயனில்லை. ஆனால் வேலைத்தளத்தில் தராசு வைத்துச் சாப்பிட முடியாது, தேவையும் இல்லை. வீட்டில் ஒரு தடவை அளந்தால் போதும்.

சோறு: உங்கள் வீட்டுக் கரண்டியால் ஒரு கரண்டி சோறு எத்தனை கிராம் என்று ஒரே ஒரு தடவை எடை போடுங்கள். 100 கிராம் வெந்த சோறு ஏறக்குறைய 130 கலோரி. டிபன் கேரியரில் அழுத்தி வைத்த சோறு, தட்டில் போட்டதைவிட நிறையப் பிடிக்கும். அதனால் நீங்கள் கொண்டுபோகும் அடுக்கையே நிரப்பி எடை பாருங்கள். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த எண் உங்களுடையது.

எண்ணெய்: குழம்பில் எவ்வளவு, பொரியலில் எவ்வளவு என்று தினமும் துருவ வேண்டாம். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்? நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் என்றால், அது சுமார் 3640 கிராம். கிராமுக்கு 9 கலோரி. 120 ஆள்-நாளுக்கு (4 பேர் × 30 நாள்) வகுத்தால் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 270 கலோரி. இந்த 270-ஐ எல்லா நாளும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுங்கள். குழம்பு, பொரியலுக்கு எண்ணெய் நீக்கிய மதிப்பை மட்டும் போட்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். தாளித்ததில் இருந்து தோசைக்கு விட்டது வரை எல்லாம் இதில் அடங்கிவிடும்.

டீ: உழைப்பு வேலைக்காரர்களின் கணக்கில் காணாமல் போவது இதுதான். பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட கடை டீ ஒன்று 80 கலோரி அளவில் வரும். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் 400. கூடவே இரண்டு வடை, ஒரு பஜ்ஜி சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடே வந்துவிட்டது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை; அந்தப் பத்து நிமிஷம் நிழலில் நிற்பதற்கு அதுதான் சாக்கு. இரண்டு டீயில் சர்க்கரையைப் பாதியாக்கினாலே போதும். வடை இடத்தில் அவித்த முட்டையோ சுண்டலோ கிடைத்தால் அதை வாங்குங்கள். கடலை நல்லது, ஆனால் 30 கிராமே 170 கலோரி. பொட்டலம் கையில் இருந்தால் நிறுத்த முடியாது, எண்ணி எடுங்கள்.

பரோட்டா அளவைப் பொறுத்து ஒன்று 250 முதல் 350 வரை. சால்னாவில் மிதக்கும் எண்ணெய் தனி.

எப்போது சாப்பிடுவது என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். காலை வெறும் டீயோடு கிளம்பி, மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டு, ராத்திரி பாதி நாள் கலோரியை ஒரே மூச்சில் உள்ளே தள்ளுவது நம் ஊரில் நிறையப் பேரின் வழக்கம். பாரம் தூக்கும் நேரத்துக்கு முன்னால் சாப்பாடு இருக்கட்டும். காலையில் கூழோ, பழைய சோறும் தயிரும் வெங்காயமுமோ, நாலு இட்லியோ, எதுவானாலும் இலக்கில் கால் பங்காவது வேலையில் இறங்கும் முன் போய்விட வேண்டும். அப்படிச் செய்தால் ராத்திரிப் பசி தானாக அடங்கும்.

புரதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உழைத்துக்கொண்டே எடை குறைப்பவர் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது எடுத்தால் தசை கரையாமல் இருக்கும். 70 கிலோவுக்கு 84 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், கால் லிட்டர் பாலில் 8, 100 கிராம் காய்ந்த பயறில் சுமார் 24, 100 கிராம் கோழியிலோ மீனிலோ சுமார் 20. சோற்றையும் சாம்பாரையும் மட்டும் நம்பினால் இந்த எண் வராது.

ஆறாவது வேலை: எடை மெஷின் சொல்வதைக் கேளுங்கள்

இதுவரை போட்டது எல்லாம் நல்ல ஊகம். அதைத் திருத்துவது மூன்று வார எடைக் குறிப்புதான்.

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். முடிந்தால் தினமும், இல்லையென்றால் வாரம் நான்கு நாளாவது. ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கவலையும் வேண்டாம், சந்தோஷமும் வேண்டாம். முந்தைய ராத்திரி உப்பு அதிகம் சாப்பிட்டிருந்தால், வழக்கத்துக்கு மேல் பாரம் தூக்கித் தசை வலித்தால், மாதவிடாய்க்கு முன்னால், உடலில் தண்ணீர் தேங்கி ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். வாரச் சராசரியை மட்டும் அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதில் தண்ணீர்தான் அதிகம் இறங்கும். பெண்கள் ஒரு மாதவிடாய்ச் சுற்று முழுக்கப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அப்புறம் ஒரு சின்னப் பெருக்கல். வாரத்துக்கு எத்தனை கிலோ இறங்கியதோ அதை 1100-ஆல் பெருக்கினால், உங்கள் உண்மையான நாள் பற்றாக்குறை வரும். மளிகைக்கடைக்காரர் 400 பற்றாக்குறை என்று நினைத்து 2300 சாப்பிடுகிறார். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வாரம் 0.7 கிலோ இறங்கினால், 770 கலோரி பற்றாக்குறை. அவருடைய உண்மைச் செலவு 3070. அப்படியானால் அவர் தைரியமாக இன்னும் 300 கூட்டிச் சாப்பிடலாம், கூட்டவும் வேண்டும். வாரம் 0.1 கிலோதான் இறங்குகிறது என்றால் பற்றாக்குறை வெறும் 110. முதலில் டீ, எண்ணெய், ஞாயிறு மூன்றையும் ஒழுங்காக எழுதினோமா என்று பார்க்க வேண்டும். எழுதியிருந்தால் 150 குறைக்கலாம். ஒரே தடவையில் 200-க்கு மேல் குறைக்காதீர்கள்.

எடை மெஷின் சரியாக இறங்கினாலும் உடல் வேறு சொல்லலாம். வேலையில் தலை சுற்றுவது, சின்னக் காயம் ஆற நாளாவது, வெயில் நாளிலும் குளிர்வது, தூக்கம் கெடுவது, எதற்கெடுத்தாலும் கோபம், மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது ஆகியவை சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் இலக்கை 200 உயர்த்துங்கள். தலைசுற்றல் தொடர்ந்தாலோ மாதவிடாய் நின்றாலோ மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது திரும்பக் கணக்குப் போடுவது?

வேலை மாறும்போதெல்லாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும். கொத்தனாரின் மடங்கு ஒரே வாரத்தில் 1.9-இலிருந்து 1.5-க்கு இறங்கும், பசி அதே வேகத்தில் இறங்காது. துணிக்கடைக்குத் தீபாவளி, ஆடித் தள்ளுபடி சீசனில் நிற்கும் நேரம் கூடும், தூக்கம் குறையும். விவசாயக் கூலி வேலையில் நடவும் அறுவடையும் ஒரு கணக்கு, இடைப்பட்ட நாட்கள் வேறு கணக்கு. மூட்டை தூக்கியவர் கல்லாவுக்கு மாறினால், பதவி உயர்ந்த சந்தோஷத்தோடு 500 கலோரி செலவும் குறைந்திருக்கும். எடை 4, 5 கிலோ இறங்கினாலும் முதல் சூத்திரத்திலிருந்து மறுபடி போடுங்கள்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 350 கலோரி கூடுதலாகவும், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் 600, அடுத்த ஆறு மாதம் 520 கூடுதலாகவும் அதே 2020 பரிந்துரை சொல்கிறது. அந்தக் காலத்தில் பற்றாக்குறை வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் உங்கள் வேலை என்ன, எந்த நேரத்தில் பாரம் தூக்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால், வேலைக்கு நடுவில் சர்க்கரை தாழ்ந்துவிடும். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தந்த பிறகே புதிய இலக்கை ஆரம்பியுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நாலு சர்க்கரை மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்.